தாகத்துக்கு விட்ட மத்தியானம்

வால்வை மூடியது சரிதான். தண்ணீரில் எந்த மருந்தைக் கலப்பதாக இருந்தாலும் அதற்கு முன்னால் குஞ்சுகளைத் தாகத்துக்கு விட வேண்டும், பல்லடத்துக்குத் தெற்கே கறிக்கோழி வளர்க்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான், தொண்டை காய்ந்தால்தான் எல்லாக் குஞ்சும் மருந்துத் தண்ணீரை ஒரே சமயத்தில் இழுக்கும், இல்லாவிட்டால் ஒன்று குடிக்கும், பக்கத்தில் நிற்பது வேடிக்கை பார்க்கும், தடுப்பு மருந்துக்கும் அப்படித்தான், சளி மருந்துக்கும் அப்படித்தான், இப்போது வந்திருக்கிற இந்தக் கவுட் நோய்க்கும் அப்படித்தான். ஆனால் காலையில் அவள் வந்து, கம்பெனி டாக்டர், கையுறையை முழங்கை வரை இழுத்து விட்டுக்கொண்டு, என் கொட்டகையில் என் முன்னால் நின்று, "தண்ணியை மட்டும் நிறுத்திப்போடாதீங்க பெரீப்பா, இந்த நோவுக்குத் தண்ணிதான் மொதல் மருந்து, பொடியெல்லாம் ரெண்டாவதுதான்" என்றாள். பெரியப்பாவாம். எந்த முறையில் நான் உனக்குப் பெரியப்பா. உன் அப்பன் ராக்கியப்பன் பண்ணையாளர் சங்கத்தில் இருந்த காலத்தில் என்னைத் தோழர் என்று கூப்பிட்டான், பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டான், அத்தோடு முடிந்தது. உனக்குப் பெயர் வைத்தது நான். சங்க அலுவலகத்தில், கொடிக்குக் கீழே, உன் ஆத்தாள் மடியில் நீ வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போது, புரட்சிச்செல்வி என்று நான்தான் மூன்று முறை சத்தமாகச் சொன்னேன். இன்றைக்கு உன் சட்டையில் குத்தியிருக்கிற கம்பெனி அட்டையில் வெறும் செல்வி. புரட்சியை அவர்கள் எடுத்துக்கொண்டு செல்வியை மட்டும் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அவள் சொல்லி நான் தண்ணீரைத் திறந்து விட வேண்டுமா. அவள் ஸ்கூட்டர் தார் ரோட்டில் ஏறி மறையும்வரை பொறுத்திருந்து, தொட்டி மேடைக்கு நொண்டிக்கொண்டு போய், வால்வை மூடினேன். பழக்கத்தில் மூடினேன் என்றும் சொல்லலாம். பழக்கம் மட்டும் இல்லை.

இப்போது தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், கொட்டகை நடுவில், சித்திரை மத்தியானத்தில், ஓலைக்கு மேலே போட்ட தகரம் படபடவென்று வெடிக்கிற வெயிலில். இன்னும் கொஞ்ச நேரம் காயட்டும். பிறகு பொடியைக் கலக்கித் திறக்கலாம். அதற்குள் நாளைய பேச்சை முடித்துவிட வேண்டும். நாளைக்குப் பண்ணையாளர் கூட்டம், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கிட்டுசாமி அண்ணன் வந்து பேசட்டும் என்று, என்னைக் கிழவன் என்று ஓரம் கட்டின அதே பையன்கள், ஏனென்றால் நாலா பக்கமும் கொட்டகைகளில் இந்தக் கவுட் வந்து குஞ்சுகள் சுருண்டு விழுகின்றன, எவனுக்கும் கம்பெனியை எதிர்த்து ஒரு வாக்கியம் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை, துண்டறிக்கையில் படித்தவன், டீக்கடைப் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீசில் எழுத்துக் கூட்டி, சுரண்டல் என்ற வார்த்தையைச் சோறு என்ற வார்த்தைக்கு முன்னால் வாசித்தவன். மேடையில் ஒரு செத்த குஞ்சைக் கையில் தூக்கிப் பிடித்து ஆரம்பிப்பேன். தோழர்களே, இந்தக் குஞ்சுக்கு மட்டும் பேச வாய் இருந்தால். அங்கே நிறுத்துவேன். கூட்டம் அடங்கும். பிறகு. பிறகு என்ன சொல்லும் அந்தக் குஞ்சு. இந்த இடத்தில்தான் காலையிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. தீவனம் என்ற பெயரில் நஞ்சு என்று சொல்லும். இல்லை, அது ரெண்டாவது பத்தி. முதலில் வேறு ஏதோ சொல்ல வேண்டும்.

காலையில் அவள் ஒரு குஞ்சை அறுத்துக் காட்டினாள். நெஞ்சைக் கத்தரிக்கோலால் திறந்து இரண்டு பக்கமும் விரித்ததும் இதயத்தின்மேல் வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது, ஈரலின்மேலும், திருநீற்றைக் குழைத்துப் பூசியதுபோல. எந்தச் சாமியையும் கும்பிடாத என் கொட்டகையில் குஞ்சுகள் உள்ளுக்குள் பட்டை போட்டுக்கொண்டு சாகின்றன. சிறுநீரகம் வீங்கி வெளிறிக் கிடந்தது. "கழிவு வெளிய போக முடியாம உள்ளயே உப்பாப் படியுதுங் பெரீப்பா. யூரிக் அமிலம். மனுசருக்குக் கால் கட்டை விரல்ல வருதே, அதே நோவுதான்" என்றாள். சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தாள். வேட்டியை இழுத்து விரலை மூடிக்கொண்டேன். "எதனால வருது, அதச் சொல்லு" என்றேன். "பல காரணம் இருக்குங்க. புரதம் சாஸ்தியான தீவனம், பூஞ்சை புடிச்ச மக்காச்சோளம், தண்ணி பத்தாம போறது." கேட்டீர்களா, வரிசையாக இரண்டு சொல்லிவிட்டுக் கடைசியில் தண்ணீர். கம்பெனி அங்கேதான் வந்து நிற்கும். குஞ்சு அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது, மருந்து அவர்களுடையது, கொட்டகையும் வேர்வையும் நமது, சாவு மட்டும் யாருடையது என்று கேட்டால் உடனே தண்ணீரைக் கொண்டுவருவார்கள், ஏனென்றால் தண்ணீர் ஒன்றுதான் பண்ணையாளன் ஊற்றுவது. தீவனத்தால் செத்தால் சாவு கம்பெனி தலையில். தண்ணீரால் செத்தால் நம் தலையில். இவ்வளவுதான் விசயம். நாளைக்கு நான் நிரூபிக்கப் போவதும் இவ்வளவுதான். என் கிணற்றில் தண்ணீர் உண்டு, என் குழாயில் அடைப்பு இல்லை, என் குஞ்சு எப்போதும் குடித்துக்கொண்டே இருந்தது, ஆகவே தீவனம்தான். ஆகவே. வால்வு மூடியிருக்கிறது. அது மருந்துக்காக. அது வேறு.

விரல் துடிக்கிறது. உட்கார்ந்தால் ஒரு மாதிரி, நின்றால் ஒரு மாதிரி, வேட்டி நுனி உரசினால்கூடக் நெருப்புக் கங்கை வைத்து அழுத்தினதுபோல. தர்ம ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த மாத்திரையும் இந்தப் பொடியும் ஒரே மருந்து, பெயரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அங்கே இருந்த டாக்டரும் இதையேதான் சொன்னான், பெரியவரே மாத்திரை இருக்கட்டும், குடம் குடமாகத் தண்ணீர் குடியுங்கள் என்று. யாரிடம் சொல்கிறான். கிட்டுசாமியிடம். சங்கத்துக் காலத்தில் தாலுகா ஆபீசுக்கு முன்னால் பந்தல் போட்டு நாங்கள் உட்கார்ந்தபோது மற்ற உண்ணாவிரதங்களைப்போல உப்புத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் வைத்துக்கொண்டு உட்காரவில்லை, நான் மைக்கைப் பிடித்து, தண்ணீரும் அருந்த மாட்டோம் என்றேன், கூட்டம் எழுந்து நின்றது. நோயில் செத்த குஞ்சுக்குக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும், அது ஒன்றுதான் கோரிக்கை. பந்தலுக்குப் பக்கத்தில் இருந்த தெருக்குழாயை அதிகாரிகள் மூடி, கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். குடிக்காதவனுக்கு எதற்குக் குழாய் என்று ஒருவன் சிரித்தான். எங்களை மிரட்டத் தேவையில்லை, சும்மா விட்டால் போதும், தொண்டை பார்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, எச்சில் கூழாகி, கடைசியில் எச்சிலே இல்லாமல், காதுக்குள் ஒரு ரீங்காரம். நான் எழவில்லை. வழக்கமாக மந்திரியோ தாசில்தாரோ வந்து பழச்சாறு கொடுத்து, போட்டோ எடுத்து, உண்ணாவிரதத்தை முடித்து வைப்பார்கள். என் உண்ணாவிரதத்தை எவனும் முடித்து வைக்கவில்லை. போலீஸ் தூக்கிக்கொண்டு போய் நரம்பில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள், அது நான் குடித்தது ஆகாது. அப்படிப் பார்த்தால் அது இன்னும் முடியவே இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தாகம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை, காலையில் ஒரு டீ, மத்தியானம் மோர், அவ்வளவுதான், வீட்டுக்காரி பழனாத்தாள் சொம்பைக் கொண்டுவந்து வைப்பாள், சாயங்காலம் அதே சொம்பை எடுத்து முருங்கைக்கு ஊற்றுவாள். முருங்கை நன்றாக இருக்கிறது.

அதோ வருகிறாள். இடுப்பில் அண்டா, வெல்லத்தைத் தட்டிக் கரைத்த தண்ணீர், அதுவும் செல்வி சொன்னதுதான், கவுட்டுக்கு வெல்லத் தண்ணீர் கொடுத்தால் சிறுநீரகத்தைக் கழுவிவிடுமாம். வாசலில் கிருமிக்காக வைத்திருக்கிற மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே வந்தவள் இரண்டு அடி வைப்பதற்குள் நின்றாள். இவளுக்குக் காது கூர்மை. முனையைத் தட்டினால் சொட்டுகிற நிப்பிள் குழாயைக் குஞ்சுகள் கொத்தும் சத்தம் எப்போதும் இந்தக் கொட்டகையில் இருக்கும், தூரத்தில் தூறல் விழுகிறதுபோல, அது இல்லை. "ஏனுங்க, தண்ணி நிறுத்தியிருக்கீங்களா?" என்றாள். "மருந்து கலக்கணும்." "அந்தப் புள்ள நிறுத்த வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போச்சே." "அவளுக்குப் படிச்சுச் சொல்லத்தானே கம்பெனி சம்பளம் குடுக்குது." அண்டாவை இறக்கி வைத்தாள். கோபம் வந்தால் கத்துகிறவள் இல்லை, முந்தானையால் முகத்தைத் துடைப்பாள், அந்தத் துடைப்பில் எல்லாம் இருக்கும். "குஞ்சு என்னங்க பண்ணுச்சு உங்களுக்கு? சங்கத்துச் சண்டைய எல்லாம் அதுக கிட்டக் காட்டறீங்க" என்றாள். "உனக்கு ஒரு எழவும் தெரியாது. போ, போய்ச் சோத்தைப் பாரு." "சோறு ஆறிப் போயே அத்தனை நேரம் ஆச்சு. நானே போய்த் தொறந்துட்டு வர்றேன்." "வால்வுல கை வெச்சே, பாத்துக்க." கை வைக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், செத்த குஞ்சைக் கூடையில் போடுவதற்கு முன்னால் உயிர் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அண்டாவை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

போகட்டும். தோழர்களே, இந்தக் குஞ்சுக்கு மட்டும் பேச வாய் இருந்தால். வெல்ல வாசனை வருகிறது. குஞ்சுகளுக்கும் வந்திருக்க வேண்டும், அண்டாவைச் சுற்றிக் கூட ஆரம்பித்துவிட்டன, இரண்டாம் வாரத்துக் குஞ்சுகள், மஞ்சள் போய் வெள்ளை இறகு முளைக்கிற பருவம், அண்டா விளிம்பு அவற்றுக்கு எட்டாது. வெளிப்பக்கம் வழிந்த ஒரு துளியை ஒன்று கொத்துகிறது, பின்னால் உள்ளது அதன் முதுகில் ஏறுகிறது. ஈரமான அண்டாவை நக்குகின்றன. கோழிக்கு நக்கத் தெரியாது, கொத்தத்தான் தெரியும், ஆனால் இது அலகைச் சாய்த்து வைத்துத் தேய்க்கிறது, நக்குவதுபோலத்தான் இருக்கிறது. ராக்கியப்பன் இப்படித்தான். எங்கே போனாலும் அவன் வந்துவிடுகிறான். பந்தலில் ஒரு சாயங்காலம் மழை பெய்தது, வேண்டுமென்றே பெய்ததுபோலப் பெய்தது, மேலே கட்டியிருந்த தார்ப்பாயில் தண்ணீர் குளம் கட்டித் தொங்கியது, நாங்கள் அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம், ஒருவன்கூட அசையவில்லை. விடியற்காலையில் கண்ணைத் திறந்தால் ராக்கியப்பன் மூங்கிலைப் பிடித்து எக்கி நின்று தார்ப்பாயின் ஓரத்தை வாய்க்குள் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தான், கண்ணை மூடிக்கொண்டு, கன்று பால் குடிப்பதுபோல. நான் பார்ப்பதை அவன் பார்த்தான். வாயை எடுக்கவில்லை. அது ஒன்றைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை, பார்த்த பிறகாவது எடுத்திருக்கலாம். நோட்டீஸ் அடித்தேன். பெயர் போட்டு அடித்தேன், கறுப்புக் கட்டத்துக்குள், திருட்டுத் தண்ணீர் குடித்த துரோகி ராக்கியப்பன் என்று. சரியாகத்தான் அடித்தேன், இன்றைக்கு அடிக்கச் சொன்னாலும் அதேதான் அடிப்பேன், ஒருவன் ஒளித்துக் குடித்தால் அத்தனை பேருடைய தாகமும் பொய்யாகிவிடும். அவன் சங்கத்தை விட்டுப் போய்க் கம்பெனியில் குஞ்சு லாரி ஓட்டினான், மகளைக் கால்நடை டாக்டருக்குப் படிக்க வைத்தான். நன்றாக இருக்கிறானாம். என் வயசுதான், கால் வீக்கம் இல்லை, மாத்திரை இல்லை, மூத்திரம் தாராளமாகப் போகிறதாம், டீக்கடையில் சொன்னார்கள். துரோகிகளுக்கு எல்லாம் நன்றாகத்தான் போகும்.

தகரம் மறுபடி வெடிக்கிறது. கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் குஞ்சுகள் எழவே இல்லை, கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கப் போட்டு, வாயைத் திறந்து இளைக்கின்றன. காலையில் அவை எழுந்து நின்றனவா. நின்றன என்றுதான் நினைக்கிறேன். இல்லை, காலையிலேயே படுத்துத்தான் இருந்தன. படுத்திருந்தால் தீவனம், நின்றிருந்தால். நிப்பிளுக்குக் கீழே ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி, காய்ந்த குழாய் முனையைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறது, மறுபடி தட்டுகிறது, காத்திருக்கிறது. அதற்குச் சந்தேகமே இல்லை, தட்டினால் வரும் என்று பிறந்ததிலிருந்து தெரியும், வராதது தன் தப்பு என்று நினைத்து இன்னும் ஒழுங்காகத் தட்டுகிறது. ஏன் இதையே பார்க்கிறேன். பேச்சைப் பார். நாளைக்கு மேடைக்கு எடுத்துப்போகக் கூடையில் இருப்பது போதுமா. ஒரு கூடையைக் கவிழ்த்தால் கூட்டம் பார்க்கும், இரண்டு கூடையைக் கவிழ்த்தால் கூட்டம் எழுந்து நிற்கும். சாயங்காலத்துக்குள் இன்னும் கொஞ்சம் விழுந்தால். இதை நான் நினைக்கவில்லை. வெயில் நினைக்கிறது. பந்தலிலும் ஒரு நாள் மத்தியானம் இதே வெயிலில், வரிசையாகப் படுத்திருந்த தோழர்களைப் பார்த்தபோது, இதில் ஒருவன் போய்விட்டால் கம்பெனி மண்டியிடும் என்று தோன்றியது, யார் என்றுகூடக் கண் ஒவ்வொருவராகத் தேடியது, ராக்கியப்பன்மேல் போய் நின்றது, அவன்தான் ஒல்லி. தோன்றியது அவ்வளவுதான். போராட்டத்தில் இருப்பவனுக்குத் தோன்றும், எல்லாத் தலைவனுக்கும் தோன்றியிருக்கும், சொல்ல மாட்டார்கள். ஒரு குஞ்சு என் காலருகே வந்து நின்றது. வேட்டி விலகியிருந்தது. வீங்கிப் பளபளத்த விரலைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது, ஈரம் என்று நினைத்துவிட்டது, கொத்தியது. உயிர் உச்சந்தலைக்கு ஏறி இறங்கியது. அடிக்கக் கையை ஓங்கினேன், அது ஓடவில்லை, மறுபடியும் கொத்த அலகைத் திறந்தது, திறந்த வாய்க்குள் நாக்கு சின்னதாக, நுனி காய்ந்து, நூல்போல. தோழர்களே, இந்தக் குஞ்சுக்கு மட்டும் பேச வாய் இருந்தால். வாய் இருக்கிறது. திறந்துதான் இருக்கிறது. கேட்பது தீவனம் இல்லை.

எழுந்தேன். திறந்துவிடலாம், போதும், தாகத்துக்கு விட்டது போதும், எனக்காகத் திறக்கிறேன், மருந்து கலக்கும் நேரம் வந்துவிட்டது அதனால் திறக்கிறேன், யார் சொல்லியும் இல்லை. தூணைப் பிடித்து ஒரு அடி, விரலில் நெருப்பு, இன்னொரு அடி. அப்போது ஸ்கூட்டர் சத்தம். மண்பாதையில் இறங்கிவிட்டது. அவள்தான், சாயங்காலம் வருவதாகச் சொன்னவள் இப்போதே வருகிறாள். நின்றுவிட்டேன். இப்போது போய்த் திறந்தால் அவளுக்குப் பயந்து திறந்ததாக ஆகும். சத்தம் கேட்டதும் ஓடிப் போய்க் குழாயைத் திறந்த கிழவன். ஒரு நிமிடம் முன்னால் எழுந்திருக்கக் கூடாதா இந்தக் கால். முன்னால் திறந்திருந்தால் நான் திறந்தது, இப்போது திறந்தால் அவள் திறக்க வைத்தது. திரும்பி வந்து வாளியின்மேல் உட்கார்ந்தேன். குஞ்சுகள் விலகி, மறுபடி காலைச் சுற்றிக் கூடின. உட்கார்ந்தது சரிதானா என்று யோசிக்க நேரம் இல்லை, வாசலில் ஆள் நிழல் விழுந்துவிட்டது, ஒன்று இல்லை, இரண்டு.

செல்வி மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே வந்தாள். பின்னால் ராக்கியப்பன். வண்டியை ஓட்டி வந்தது அவன்தான்போல, சாவி கையில் இருந்தது. காலை நனைக்காமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பக்கத்தில் பார்க்கிறேன், கெட்டியாக இருக்கிறான், கன்னம்கூட ஒட்டவில்லை. செல்வி குழாய்க்குக் கீழே கையை நீட்டி ஒரு நிப்பிளைத் தட்டினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். அடுத்ததைத் தட்டினாள்.

"எப்ப இருந்துங்க?" என்றாள்.

பழனாத்தாள் பின்னாலேயே வந்திருந்தாள். "நீ போனதுல இருந்து கண்ணு" என்றாள். என் வீட்டிலேயே.

ராக்கியப்பன் தலையை நீட்டிக் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தான். படுத்துக் கிடந்தவற்றையும், வாயைத் திறந்து நின்றவற்றையும், நடுவில் வாளிமேல் உட்கார்ந்திருந்த என்னையும்.

"ஏனுங் தோழர், கோழிகளும் உண்ணாவிரதமா?" என்றான். "பழச்சாறு குடுத்து முடிச்சு வெக்க ஆரு வர்றாங்க, தாசில்தாரா?"

சிரிக்காமல் சொன்னான். சிரித்திருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவன் பதிலுக்கு நிற்கவில்லை, தொட்டி மேடைப் பக்கம் நடந்தான். வால்வு எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை, எல்லாக் கொட்டகையிலும் அது ஒரே பக்கம்தான் இருக்கும், அவன் எத்தனையோ கொட்டகைக்குக் குஞ்சு இறக்கியவன். முதலில் குழாய்க்குள் காற்று இருமியது. பிறகு தலைக்குமேல் தண்ணீர் ஓடுகிற சத்தம். காத்திருந்து காத்திருந்து தட்டிக்கொண்டிருந்த குஞ்சுதான் முதலில் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு கொட்டகை முழுவதும் தூறல் விழ ஆரம்பித்தது. கிழக்கு ஓரத்தில் படுத்திருந்தவற்றில் சில எழுந்து தள்ளாடிப் போயின. சில எழவில்லை. செல்வி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அலகை வெல்லத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து விட்டாள். என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"போன தடவை வந்தப்பவே உங்க தீவனத்துல கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருந்தேன் பெரீப்பா. கம்பெனிக்குத் தெரியாம வெளிய ஒரு லேபுல குடுத்துப் பாத்தேன். மக்காச்சோளத்துல பூஞ்சை. கிட்னியத்தான் மொதல்ல தின்னும் அது. முடிவு இப்பத்தான் வந்துச்சு, அதச் சொல்லத்தான் அப்பாவ இழுத்துட்டு ஓடியாந்தேன்." ஒரு குஞ்சைக் கீழே விட்டாள், அது நிற்கவில்லை. "நாளைக்கு நீங்க மேடையில சொல்றதுக்கு நானே சாட்சி சொல்லலாம்னு இருந்தேன். வேலை போனாப் போகுதுன்னு. இப்ப நீங்க தண்ணிய நிறுத்தி வெச்சிருக்கீங்க. இந்தக் குஞ்சை அறுத்தாலும் அதே வெள்ளைதான் இருக்கும். எது தீவனத்தால, எது தாகத்தாலன்னு நான் எதை வெச்சுங் பேசறது?"

நான் சொன்னதுதான் உண்மை. தீவனம்தான். காலையிலிருந்து நான் சொன்னது உண்மை. அதற்கான சாட்சி அவள் பையில் வந்துகொண்டிருந்திருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து அதைச் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாயில் எச்சில் இல்லை. மேலண்ணத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, பந்தலில் ஒட்டிக்கொண்டதுபோலவே.

ராக்கியப்பன் திரும்பி வந்து வாசலில் நின்றான். வேட்டி முழுக்கத் தண்ணீர் தெறித்திருந்தது. "வுடு சாமி" என்றான் மகளிடம். பிறகு என்னிடம், "இங்க நடந்தது இங்கயே இருக்கட்டுங். நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு நோட்டீஸ் அடிக்கிற பழக்கமெல்லாம் கெடையாது."

துரோகம் செய்தவனைப் பொறுத்துக்கொள்ளலாம். இரக்கப்படுகிறவனை எப்படிப் பொறுப்பது.

"சொல்லு" என்றேன். "நாளைக்குக் கூட்டத்துக்கு வா. மத்த கொட்டகைக் குஞ்சைத் தூக்கிக் காட்டி உம் புள்ள தீவனத்தப் பத்திப் பேசட்டும். என்னோட குஞ்ச நான் காட்டல. கிட்டுசாமி தண்ணிய நிறுத்திச் சாவடிச்சான்னு நீ சொல்லு. பேர் போட்டுச் சொல்லு."

"நான் எதுக்குங் சொல்லணும்?"

"நீ சொல்லாட்டி நானே சொல்லுவேன். ஆனா நீ சொல்றதுதான் முறை."

பழனாத்தாள் அண்டாவிலிருந்து இரண்டு டம்ளரில் மொண்டாள், குஞ்சுக்குக் கரைத்ததுதான், வேறு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை, வந்தவர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் அவளுக்கு. ஒன்றை வாசல் வழியாக ராக்கியப்பனிடம் நீட்டினாள். அண்ணாந்து, ஒரே மூச்சில், கண்ணை மூடிக்கொண்டு குடித்தான், அன்றைக்குப்போலவே, வாய் ஓரத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தான். செல்வியிடம் நீட்டுவாள் என்று நினைத்த அடுத்த டம்ளரைப் பழனாத்தாள் என் காலருகே வைத்தாள். ஒரு குஞ்சு அதற்குள் தலையை விட்டது, தள்ளினேன். ராக்கியப்பன் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவன் போகவில்லை. வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், மகள் வேலை முடிக்கட்டும் என்று நின்றானோ, வேறு எதற்காக நின்றானோ. அவன் போன பிறகு குடித்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், அந்தப் பெயரைக் கறுப்புக் கட்டம் கட்டி அச்சடித்தவனே நான்தான். டம்ளரை எடுத்தேன். கால் விரல்மேல் கொஞ்சம் சிந்தியது, குஞ்சுகள் ஓடி வந்தன. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, வாயை எடுக்காமல், முழுக்கக் குடித்தேன். இனித்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.